நாற்பத்தொரு பாடம்

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பை வெளிய விடாதீங்க, ஒரு நாய் இருக்கு, ஒத்தைச் செருப்பா பார்த்துத் தூக்கிட்டுப் போயிரும். சேவியர் அப்பவே போன் பண்ணிட்டார். கம்ப்யூட்டர் கடை சேவியர். "பேரன் காதுகுத்து வீடியோவைக் கோர்க்கணும்ங்கறார், காசு கட்டாத சாப்ட்வேரா கேக்கறார், உங்ககிட்ட அனுப்பறேன்"னார். என்கிட்டதான் அனுப்புவார். இந்த ராஜபாளையத்துல அந்த விஷயத்துல என்னை மாதிரி அலைஞ்சவன் ஒருத்தன் கிடையாது.

உக்காருங்க. என் பேரு ராமசுப்பு. தாலுகா ஆபீஸ்ல ரெக்கார்டு ரூம்ல முப்பத்திரெண்டு வருஷம் இருந்தேன். ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. டீ போடட்டுமா? வேண்டாமா? நல்லதுதான், நான் போட்டா பாலும் தண்ணியுமா தனித்தனியா நிக்கும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். இலவசம்னு போட்டிருந்தா உடனே நம்பிராதீங்க. இலவசத்துல நாலு சாதி இருக்கு. நாலையும் பார்த்தவன் நான்.

மொத ஒண்ணு சேவியரே போட்டுக் கொடுத்தது. பார்க்க அழகா இருந்துச்சு. மூணு நாள் உக்காந்து வெட்டி ஒட்டி, கடைசியில வீடியோவை வெளிய எடுத்தா, நட்ட நடுவுல அந்தக் கம்பெனிக்காரன் பேரு பெருசா நிக்குது. என் வீட்டுக்காரி ப்ளவுஸுக்குக் கைக்குழி வெட்டற இடத்துல, கரெக்டா கத்தரிக்கு மேலயே. அதை எடுக்கணும்னா பணம் கட்டணுமாம். நாளைக்கு உங்க பேரன் அழற மூஞ்சிக்கு மேல அது வந்து நின்னா நல்லாவா இருக்கும்? விட்டேன். ரெண்டாவது, பதினஞ்சு நாள் சும்மா கொடுத்தான். அதுக்கு அடுத்த நாள் திறந்தா பூட்டு. என் வேலை பூரா உள்ள கிடக்கு, கண்ணுக்குத் தெரியுது, தொட முடியல. மூணாவது சினிமாக்காரங்களே வச்சிருக்கறதாம். நிஜமாவே இலவசம், ஒரு மார்க்கும் வராது. ஆனா அதுக்கு யானை மாதிரி கம்ப்யூட்டர் வேணும். என்னுது இந்தா, இந்தப் பெட்டிதான். ஒரு துண்டு வெட்டிட்டு, கடைக்குப் போய் வெத்தலை வாங்கிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும்.

நாலாவதுதான் சார் இது. பேரு இந்தச் சீட்டுல எழுதித் தரேன். பார்க்க ஒண்ணுமே இருக்காது, சாம்பக் கலர்ல நாலு பொத்தான். யாரோ சில பேரு சேர்ந்து ஊருக்குன்னு எழுதி விட்டதாம். பணமும் கேக்காது, பேரும் போடாது, ஹேங்கும் ஆகாது. இதுல ஒரு விசேஷம், சத்தத்தைக் கோடா வரைஞ்சு காட்டும். அந்தக் கோடு மட்டும் இல்லைன்னா என்னால நாப்பத்தொரு பாடம் முடிச்சிருக்க முடியாது.

ப்ளவுஸ் பாடம் சார். தவமணி, என் வீட்டுக்காரி, இந்த வீட்டு முன் ரூம்லயே முப்பது வருஷமா ப்ளவுஸ் தைச்சா. தென்காசியில இருந்தெல்லாம் அளவு ப்ளவுஸைக் கொடுத்துவிடுவாங்க. என் மக மேகலா, புனேல இருக்கா, போன வருஷம் ஆனி மாசம் போன் பண்ணி, "அம்மா, இங்க ஒரு டெய்லரும் சரியில்ல, நீ வெட்டறதை அப்பாவை வீடியோ எடுக்கச் சொல்லு, நான் பார்த்து நானே தைச்சுக்கறேன்"னா. அப்படி ஆரம்பிச்சதுதான். எனக்கும் ரிட்டயர் ஆகி வீட்டுல சும்மா கிடந்து கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. பிடிச்சேன் பாருங்க. மேஜைக்கு மேல கம்பி கட்டி போனை நேர் கீழ பார்க்கிற மாதிரி தொங்கவிட்டேன். துணி, டேப்பு, சாக்பீஸ், கத்தரி, அவ ரெண்டு கை. அவ்வளவுதான் தெரியும். மூஞ்சி எதுக்கு? தையலுக்குக் கை போதும். அவளுக்கும் மூஞ்சியைக் காட்ட வெக்கம்.

அவ பேசிக்கிட்டே வெட்டணும். நல்லாப் பேசுவா சார். "தோள்பட்டையில கால் இஞ்சு அதிகமாப் போனா நாள் பூரா இழுத்து இழுத்து விடணும், அந்தப் பொம்பளை உங்களைத் திட்டிக்கிட்டே இருப்பா"ன்னு, அப்படிச் சொல்லிக் கொடுப்பா. ஆனா நடு நடுவுல இருமிருவா. அதுதான் எனக்கு ரோதனை.

மொதப் பாடத்துல ஆறு தடவை. நான் எண்ணினேன், வெட்டறவன் நான்தானே. "தண்ணி குடிச்சிட்டு வா, திரும்ப எடுப்போம்"பேன். குடிச்சிட்டு வந்து உக்காருவா, டேப்பை வைப்பா, "முன் பாகம் எடுத்துக்கோங்க"ம்பா, அந்த இடத்துல ஒரு இருமல். "என்ன தவமணி, சொல்லி வச்ச மாதிரி"ன்னு கத்துவேன். "நானா வேணும்னு செய்யறேன்? பஞ்சுத் தூசிங்க"ம்பா. பஞ்சுத் தூசிதான். ஊரே பஞ்சு மில்லு, இருமாதவன் யாரு இருக்கா இங்க? மருந்துக்கடையில பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பச்சைக் கலர் ஒண்ணு, செவப்புக் கலர் ஒண்ணு. ஒண்ணும் வாங்கிக் கொடுக்கலைன்னு யாரும் சொல்லிர முடியாது.

அப்பதான் இந்தக் கோடு கை கொடுத்துச்சு. பேச்சு இருந்தா கோடு சோளக்கொல்லை மாதிரி ஏறி இறங்கிப் போகும். இருமல் வந்தா ஒத்தைப் பனை மாதிரி விசுக்குன்னு நிக்கும். ஒரு வாரத்துல எனக்குப் பழகிருச்சு. சத்தத்தை அணைச்சு வச்சிட்டு, கண்ணாலயே பார்த்து, பனையை வெட்ட வேண்டியது, ரெண்டு பக்கத்தையும் இழுத்து ஒட்ட வேண்டியது. காதால கேக்கவே வேண்டாம். ஒட்டின இடத்துல கை கொஞ்சம் துள்ளும், அவ்வளவுதான். மொத மொத ஒரு பாடத்துக்கு ரெண்டு நாள் ஆச்சு. அப்புறம் ஒன்றரை மணி நேரத்துல முடிச்சேன். சேவியர் பார்த்துட்டு, "சார், அம்மா மூச்சு விடாம ரேடியோல பேசற மாதிரி பேசறாங்களே"ன்னார்.

வெட்டினதை எறியல சார். ரெக்கார்டு ரூம்ல இருந்தவன் துண்டுச் சீட்டைக்கூட எறிய மாட்டான். எல்லாத் துண்டையும் தேதி வாரியா தனி ஒரு வரிசையில அடுக்கி வச்சேன். 'கழிவு'ன்னு பேரு போட்டு.

மேகலாவுக்கு ஒவ்வொரு பாடமா அனுப்புவேன். அவ பார்த்துட்டு, "அம்மா கணீர்னு பேசறாப்பா"ம்பா. அவ பிரண்டுங்க நாலு பேரு கேக்கறாங்கன்னு அவங்களுக்கும் அனுப்பினா. தவமணிக்கு அதுல சந்தோஷம். போன்ல அதிகம் பேச மாட்டா, ரெண்டு வார்த்தை பேசினா மூச்சு வாங்கும், என்கிட்ட கொடுத்துருவா. "அம்மாவுக்கு வேலை, வீடியோல பார்த்துக்கோ"ன்னு நான் சொல்லிருவேன்.

ஆவணி முடிஞ்சு புரட்டாசியில ஒருநாள் அவ கேட்டா. "ஏங்க, ஒரு தடவை மதுரைக்குப் போய்க் காட்டிட்டு வருவோமா"ன்னு. நான் போக வேண்டாம்னு சொல்லல சார். அது நீங்க கவனிக்கணும். "கட்டோரி ப்ளவுஸ் மூணு பாடமாப் பிரிச்சு வச்சிருக்கோம், பாதியில நிக்குது, அதை முடிச்சிட்டுப் போவோம்"னேன். அவளும் சரின்னுதான் சொன்னா. கட்டோரி முடிஞ்சதும் அவளா ஞாபகப்படுத்தியிருக்கலாம்ல? படுத்தல. நான் மறந்துட்டேன். அடுத்து சுடிதார் ஆரம்பிச்சுட்டோம்.

அப்புறம் வேற ஒரு தொந்தரவு. ஒரு பாடத்தை ரெண்டு நாள் எடுத்தா, மொத நாளுக்கும் ரெண்டாம் நாளுக்கும் ஒட்டணும்ல, பார்க்கிறவனுக்கு ஒரே நாள்ல எடுத்த மாதிரி இருக்கணும்ல. அவ வளையல் ஒட்டல. ஆடியில மணிக்கட்டுல நின்ன வளையல் ஐப்பசியில முழங்கைக்கு ஓடுது. கையைத் தூக்கினா உள்ள போகுது, இறக்கினா 'டக்'குன்னு மேஜையில வந்து விழுது. அந்தச் சத்தம் வேற. நான் ஒரு துண்டு நூலை எடுத்து வளையல்ல சுத்திக் கட்டி நிறுத்தினேன். அவ கையை நீட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா. "இப்படி என் கையைப் பிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு"ன்னு சிரிச்சா. சிரிச்சதும் இருமல் வந்துருச்சு.

குரல் இறங்கிப் போச்சு கார்த்திகையில. அதுக்கும் இதுல வழி இருக்கு சார், சத்தத்தைத் தூக்கற இடம் இந்தா, இங்க. கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கினேன். ஒரு தடவை வெள்ளை லைனிங் துணியில செவப்பா ஒரு பொட்டு விழுந்துச்சு. நான் ஸ்க்ரீன்ல பார்த்துட்டு, "என்ன அது"ன்னேன். "ஊசி குத்திருச்சு"ன்னு சொல்லித் துணியை மடிச்சுட்டா. வெட்டற பாடத்துல ஊசி எதுக்கு வந்துச்சுன்னு நான் கேக்கல. இருட்டறதுக்குள்ள பாடம் முடியணும்னு நெனப்பு. நீலத் துணி போட்டுத் திரும்ப எடுத்தோம். நீலம் கேமராவுக்கு நல்லா வந்துச்சு.

நாப்பத்தொண்ணாவது பாடம் மார்கழி கடைசியில. குழந்தைப் பாவாடை. அம்பது முடிக்கணும்னு எனக்கு ஆசை.

தைப்பொங்கலுக்கு மேகலா வந்தா. ஆட்டோல இருந்து இறங்கி, பையை வைக்கல, நடுவாசல்லயே நின்னுட்டா. உள்ள தவமணி இருமறா. மேகலா என்னைப் பார்த்து, "யாருப்பா அது இருமறது?"ன்னா.

"அம்மாதான்"னேன்.

உள்ள போனா. அவ அம்மா எழுந்திரிச்சு நிக்கப் பார்த்துட்டு, நிக்க முடியாம மிஷினைப் பிடிச்சுக்கிட்டா. மேகலா பொங்கலும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. அந்த ஆட்டோவையே பிடிச்சு பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து கார், மதுரை. நான் பின்னாடியே ஓடினேன், வீட்டைப் பூட்டினேனா இல்லையான்னுகூடத் தெரியல.

பெரிய டாக்டர் ஒருத்தர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல வச்சுப் பார்த்தார். சின்ன வயசுதான். "எத்தனை நாளா இருமல் இருக்கு?"ன்னார்.

நான், "ஒரு ரெண்டு மாசம் இருக்கும் சார்"னேன்.

"ரெண்டு மாசமா?" திரும்பவும் படத்தைப் பார்த்தார். தவமணியைப் பார்த்தார். அவ என்னைப் பார்த்தா. "ஆமாங்க, ரெண்டு மாசம்தான்"னா.

பொய் சொல்லணும்னு சொல்லல சார் நான். எனக்கு அப்படித்தான் தோணுச்சு. நான்தான் இருமலைக் கேக்கறதையே விட்டுட்டேனே. நுரையீரல்ல ஆரம்பிச்சு எலும்பு வரைக்கும் போயிருச்சுன்னார். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா செய்யறதுக்கு நெறைய இருந்துச்சுன்னார். அதை அவ முன்னாடி சொல்லல, வராந்தாவுல கூட்டிட்டுப் போய் எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னார். மேகலா சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா.

பங்குனி ஒம்பதாம் தேதி காலையில தவமணி போயிட்டா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம் அதுக்கு முன்னாடி. இந்த ரூம்லதான். அந்த ஜன்னல் பக்கமா கட்டில் கிடந்துச்சு. கடைசி ரெண்டு நாள் பேச்சு இல்ல. மேகலாதான் பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சுக்கிட்டே இருந்தா. என்னை ஒரு வார்த்தை சொல்லல அப்பெல்லாம். நல்லாத்தான் இருந்தா என்கூட.

பதினாறாம் நாளுக்குப் படம் வேணும். கும்பிட வைக்கிற படம். வீடு பூராத் தேடினோம், கல்யாணப் படம் ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு. மேகலா, "நாப்பத்தொரு வீடியோ எடுத்தீங்களே, அதுல ஒரு இடத்துல மூஞ்சி இருக்காதா, எடுத்துப் பிரிண்ட் போடுவோம்"னு சொல்லி இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தா. இல்லம்மா, கைதான் இருக்கும்னு நான் சொல்லிட்டு, சமையக்காரரைப் பார்க்கப் போயிட்டேன். திரும்பி வர்றப்ப கதவு சாத்தியிருக்கு. காதுல மாட்டறது மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. காலையில ஒம்பது மணிக்கு உக்காந்தவ பன்னெண்டரைக்குத்தான் வெளிய வந்தா.

"அப்பா, கழிவுன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"அது வெட்டிப்போட்டதும்மா. இருமல், தும்மல், நான் பேசினது. ஒண்ணுக்கும் ஆகாது. பாடத்தைப் பாரு, நல்லா சுத்தமா இருக்கும்."

"முப்பத்தெட்டு நிமிஷம் இருக்குப்பா."

"நாப்பத்தொரு பாடத்துக்கு அவ்வளவு வரும்ல."

"மொதத் துண்டு ஆனி மாசம்." அவ குரல் உசரவே இல்ல சார். "டாக்டர்கிட்ட ரெண்டு மாசம்னு சொன்னீங்க. நான் வாரா வாரம் பார்த்தேன்ப்பா. அம்மா கணீர்னு பேசறா, அம்மா நல்லா இருக்கான்னு நெனச்சு லீவைத் தள்ளிப் போட்டேன். நீங்க நல்லா இருக்கிற மாதிரி பண்ணி அனுப்பியிருக்கீங்க."

"வெட்டறதுதானேம்மா எடிட்டிங்"னேன். வேற என்ன சார் சொல்றது? உங்களையே கேக்கறேன். இருமலோட அனுப்பியிருந்தா யாரு பார்ப்பா? அவளே என்ன சொல்லியிருப்பா, "அப்பா, சத்தமா இருக்கு, சரி பண்ணி அனுப்புங்க"ன்னு சொல்லியிருக்க மாட்டாளா? சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

காரியம் முடிஞ்ச மறுநாள் கிளம்பிட்டா. போறப்ப அந்தக் கழிவை மட்டும் காப்பி எடுத்துக்கிட்டா. "பாடத்தையும் எடுத்துக்கோம்மா, ராப்பகலா உக்காந்து பண்ணினது"ன்னேன். "அது எனக்கு வேண்டாம்ப்பா"ன்னுட்டா. நாலு மாசம் ஆச்சு. மாப்பிள்ளைதான் போன் பண்றார், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு. மேகலா இருக்காளான்னு கேட்டா, குளிக்கிறா, தூங்கறாம்பார். பெத்த பொண்ணு சார். ஒரே பொண்ணு. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு வாயைத் திறந்து சொல்லிட்டாலாவது பரவாயில்ல.

கொஞ்சம் இருங்க, காப்பி ஆகுது. உங்க பென் டிரைவ்ல சாப்ட்வேரைப் போட்டுடறேன், வீட்டுல போய் ரெண்டு தடவை அமுக்கினாப் போதும், அதுவே ஏறிக்கும். காதுகுத்துல மேளச் சத்தம் அதிகமா இருந்தா குறைச்சுக்கலாம். குறைக்காட்டியும் ஒண்ணும் இல்ல. நான் சொல்றேன், குறைக்காதீங்க, கிடக்கட்டும். பின்னாடி யாரு என்ன பேசறாங்களோ அதெல்லாம் இருக்கட்டும்.

மேகலா ஊருக்குப் போன பிறகு அந்தக் கழிவை நான் போட்டுக் கேட்டேன் சார். வெட்டின நான் ஒரு தடவைகூட அதைக் கேட்டது இல்ல. கண்ணாலதானே வெட்டினேன். மூணு மாசம் தொடல. போன மாசம் ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுட்டு, என்னதான் அவ அப்படிக் கேட்டான்னு பார்ப்போம்னு போட்டேன்.

இருமல்தான். இருமல், இருமல், இருமல். ஆனியில சின்னதா இருக்கு, தொண்டையைச் செருமற மாதிரி. ஆவணியில கொஞ்சம் ஆழத்துல இருந்து வருது. தேதியும் கீழ ஓடுது, நான்தான் போட்டு வச்சேனே. நடுவுல என் குரல் வருது. "தண்ணி குடி", "மறுபடியும் மொதல்ல இருந்து", "சீக்கிரம்". எரிச்சலா இருக்கு அந்த ஆளு குரல். நான் அப்படிப் பேசறவன் இல்லைன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

ஐப்பசியில ஒரு துண்டு இருக்கு. தீபாவளிக்கு முந்தின வாரம். கழுத்து வெட்டற பாடம். கோட்டுல அது நாலு பனை மரம், அப்புறம் தரையோட தரையா ஒரு சின்னப் பேச்சு. பக்கத்துல இருந்ததால அதையும் சேர்த்து வெட்டிட்டேன். நாலு தடவை இருமறா. அவ வலது கை படத்தை விட்டு வெளிய போகுது. எங்க போச்சுன்னு தெரியல, நெஞ்சுக்குத்தான் போயிருக்கணும். இடது கை மட்டும் துணி மேல கிடக்கு, நூல் சுத்தின வளையலோட. அவ மெதுவாச் சொல்றா, "ஏங்க, இன்னைக்கு இது போதும்ங்க. உள்ள என்னமோ பண்ணுது. பயமா இருக்கு"ன்னு.

பயமா இருக்குன்னு சொல்றா சார். முப்பத்திநாலு வருஷத்துல அவ அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்ல. அன்னைக்கும் கேக்கல போலிருக்கு. கேட்ட மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா பதில் சொல்லியிருக்கேன். என் குரல்தான், சந்தேகமே இல்ல. "இன்னும் ஒரு கழுத்துதான் பாக்கி, கையை உள்ள கொண்டா, கேமராவுல தெரியல"ங்கறேன்.

ஃபேன் சத்தம் மட்டும். அப்புறம் "சரிங்க"ங்கறா. அந்தக் கை திரும்ப உள்ள வந்து கத்தரியை எடுக்குது.